40 மில்லிமீட்டர்

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து ஜூன் 14 நள்ளிரவு தாண்டினால் காசிமேட்டில் விசைப்படகுகள் வரிசையாகக் கிளம்பும். ஐஸ் ஏற்றி, டீசல் நிரப்பி, பூஜை போட்டுக் காத்திருந்த படகுகள். அடுத்த சில நாளில் எல்லாத் தொலைக்காட்சியிலும் ஒரே காட்சிதான்: கூடை கூடையாக மீன், சிரித்த முகங்கள், கூட்டம் நெரியும் ஏலம். "தடைக்காலத்தால் மீன்வளம் பெருகியது" என்று கீழே எழுத்து ஓடும். ஆவணி பிறப்பதற்குள் அதே துறைமுகத்திலிருந்து வேறு செய்தி வரும். வரத்து குறைவு, மீன் சின்னதாக இருக்கிறது, டீசல் காசுகூடத் தேறவில்லை. இந்த இரண்டு செய்திகளுக்கும் நடுவில் இருக்கும் ஏழெட்டு வாரத்தில் என்ன நடந்தது என்பதுதான் வருடா வருடம் என்னைக் குடைகிற கேள்வி. "தடைக்காலம் போதுமா, இன்னும் நீட்டலாமா?" என்று நாம் மறுபடி மறுபடி நாள்கணக்கையே பேசிக்கொண்டிருக்கிறோம். பேச வேண்டிய அளவு நாளில் இல்லை, வலைக்கண்ணின் மில்லிமீட்டரில் இருக்கிறது என்பது என் கட்சி. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

தடைக்காலத்தை நான் குறைத்துப் பேச வரவில்லை. தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையில் 2001-இல் 45 நாளாக ஆரம்பித்தது, 2017-இலிருந்து ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாளாக இருக்கிறது. கன்னியாகுமரியின் மேற்குக் கரைக்கு ஜூன், ஜூலை. வருடத்தில் ஆறில் ஒரு பங்கு நாள் இழுவைப் படகுகள் கரையில் நிற்கின்றன என்றால் கடலடிக்கு அது பெரிய ஓய்வு. நாட்டுப்படகுக்காரர்களுக்கு அந்த இரண்டு மாதம் வலை அறுபடாமல் தொழில் செய்யக் கிடைக்கும் காலம். சினைப்பருவம் என்று பொதுவாகச் சொல்கிறோமே, அதில்தான் சிக்கல். நம்முடைய வெப்பமண்டலக் கடலில் மீன்கள் எல்லாம் சித்திரையில் கூடி முட்டையிட்டுவிட்டு ஓய்வதில்லை. பல வகைகள் வருடம் முழுக்கத் தவணை தவணையாக முட்டையிடுகின்றன. சிலவற்றுக்கு உச்சம் வடகிழக்குப் பருவமழையை ஒட்டி வரும். ஆகவே 61 நாள் சில இனங்களின் முட்டையிடும் காலத்தைக் காப்பாற்றுகிறது, சிலவற்றைப் பாதி, மற்றவற்றைத் தொடுவதே இல்லை. எல்லாவற்றுக்கும் பொதுவாக அது தருவது ஒன்றுதான், இரண்டு மாதம் வளர அவகாசம். ஏப்ரலில் விரல் நீளம் இருந்த குஞ்சு ஜூனில் கையளவு ஆகியிருக்கும். முதல் பதினைந்து நாள் கூடை நிறைவது அதனால்தான்.

அந்த வளர்ச்சியை முதல் இரண்டு மூன்று வாரத்தில் அள்ளிவிட்டால், அதற்கு அடுத்து வருகிற குஞ்சுகளுக்கு எந்த அவகாசமும் இல்லை. ஜூலையில் பிறந்த மீனுக்குத் தடைக்காலம் இன்னும் ஒன்பது மாதம் தள்ளி இருக்கிறது. அதுவரை அதைக் காப்பாற்ற இருக்கிற ஒரே பொருள் வலையின் கண்ணி, அதாவது வலையில் இருக்கும் ஓட்டை.

## இரண்டு விதமான மிகைப்பிடிப்பு

'கடல் காலியாகிறது' என்ற பேச்சு எனக்கு உடன்பாடு இல்லை. மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் 2022 நிலவரத்தை வைத்து நாடு முழுக்க 135 மீன் இருப்புகளை (ஒரு கடற்பகுதியில் ஓர் இனத்தின் மொத்தத் தொகையை இருப்பு என்பார்கள்) மதிப்பிட்டபோது 91.1 சதவீதம் நல்ல நிலையில் இருப்பதாகச் சொன்னது. இதைப் பார்த்துவிட்டு, அப்படியானால் கவலையே வேண்டாமே என்று ஒரு தரப்பும், அறிக்கையே தப்பு என்று இன்னொரு தரப்பும் கிளம்பின. இரண்டு பேரும் ஒரு வேறுபாட்டைக் கவனிக்கவில்லை.

மீனை அளவுக்கு மீறிப் பிடிப்பதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, தாய்மீன்களே மிச்சமில்லாமல் பிடித்து, அடுத்த தலைமுறை பிறக்க வழியில்லாமல் செய்வது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் காட் மீனுக்கு நடந்தது அதுதான். நூற்றாண்டுகளாகப் பிடித்த மீன், 1992 ஜூலை 2 அன்று அரசு தொழிலையே மூடியது. இரண்டு வருடத்துக்கு என்று சொல்லி மூடினார்கள். வணிகப் பிடிப்பு திரும்பத் திறந்தது 2024-இல். ஏறக்குறைய 30,000 பேர் பிழைப்பை இழந்தார்கள். இரண்டாவது வகை வேறு. தாய்மீன் போதுமான அளவு இருக்கும், குஞ்சும் பிறந்துகொண்டே இருக்கும், ஆனால் அது வளர்ந்து காசாகும் முன்பே பிடித்துவிடுகிறோம். நம் மீன்கள் சீக்கிரம் வளர்ந்து, ஓரிரு வருடத்துக்குள் சினைப்பட்டு, நிறைய முட்டையிடுகிறவை. அதனால் முதல் வகை அழிவு இங்கே சுலபமாக வருவதில்லை. இரண்டாவது வகை தினமும் நடக்கிறது. 'இருப்பு நல்ல நிலையில் இருக்கிறது' என்ற அறிக்கையும், 'மீன் சின்னதாக வருகிறது, கட்டவில்லை' என்ற கரைப்பேச்சும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடிவது இதனால்தான்.

இதில் போகிற காசைப் புரிந்துகொள்ள ஒரு கணக்கு போதும். மீனின் நீளம் இரண்டு மடங்கானால் எடை ஏறக்குறைய எட்டு மடங்காகும். நீளம், அகலம், கனம் மூன்றும் சேர்ந்து வளர்வதால் அப்படி. பத்து சென்டிமீட்டர் சங்கரா பன்னிரண்டு கிராம் அளவில் இருந்தால், இருபது சென்டிமீட்டரில் அது நூறு கிராமை நெருங்கும். இடைப்பட்ட காலத்தில் பாதிக் குஞ்சுகளைப் பெரிய மீன் தின்றோ நோய் வந்தோ இழந்தாலும், மிச்சமிருக்கும் பாதியின் மொத்த எடை நான்கு மடங்கு. விலையைச் சேர்த்தால் வித்தியாசம் இன்னும் கூடும். பத்து சென்டிமீட்டர் மீன் சங்காயத்தோடு, அதாவது தீவனத்துக்குப் போகிற பொடிமீன் குவியலோடு போகும், கிலோவுக்குச் சில பத்து ரூபாய். இருபது சென்டிமீட்டர் மீன் சாப்பாட்டு மீன், கிலோவுக்குச் சில நூறு. யார் பிடித்தாலும் இந்தக் கணக்கு மாறாது. கடலிலேயே விட்டிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய பணத்தை முன்கூட்டியே அடிமாட்டு விலைக்கு விற்கிறோம்.

## மடி எப்படி வேலை செய்கிறது

இழுவை வலை ஒரு பெரிய புனல். வாயின் இரு பக்கமும் இரும்போ மரமோ ஆன பலகை, ஒவ்வொன்றும் நீரை ஒரு கோணத்தில் வெட்டிக்கொண்டு வெளிப்பக்கமாக ஓடுவதால் வாய் அகலமாக விரியும். மேல் கயிற்றில் மிதவைகள், கீழ்க் கயிற்றில் ஈயமோ சங்கிலியோ, அதனால் வாய் உயரமாகத் திறக்கும். ஆழத்தைப் போல நான்கைந்து மடங்கு வயரை வின்ச்சிலிருந்து (வயர் சுற்றும் உருளை) விட்டு, இரண்டு மூன்று நாட் (மணிக்கு ஒரு கடல் மைல் ஒரு நாட்) வேகத்தில் இரண்டு மூன்று மணி நேரம் இழுப்பார்கள். முன்பகுதியில் கண்ணி பெரிது, பின்னால் போகப் போகச் சிறிது. கடைசியில் மீன் சேர்கிற பைதான் மடி. எந்த மீன் உயிரோடு வெளியே போகும், எது மேலே வரும் என்பது ஏறத்தாழ முழுக்க முடிவாவது அந்தப் பையில். முன்பகுதியில் எத்தனை பெரிய கண்ணி வைத்தாலும் மீன் பக்கவாட்டில் தப்பிப்பது குறைவு. வலைச்சுவர் தன்னோடு நகர்வதைப் பார்த்து அது சுவரை ஒட்டி நீந்தி, களைத்து, பின்னால் விழுந்துவிடும்.

தமிழ்நாட்டு விதி, மடியின் கண்ணி 40 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது. கண்ணியை அளப்பது இழுத்துப் பிடித்த நிலையில், எதிரெதிர் முடிச்சுக்கு நடுவே. நடைமுறையில் பெரும்பாலான மடிகள் 25 மில்லிமீட்டருக்கும் கீழேதான் இருக்கின்றன. இதை எல்லோரும் அறிவார்கள். என் பார்வை மாறிய இடம் அது இல்லை. 40 மில்லிமீட்டர் கண்ணியை ஒழுங்காகப் போட்டாலும் குஞ்சு தப்பாது என்பதைப் புரிந்துகொண்ட இடம்தான்.

ஒரு துண்டு வலையை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரணமாகக் கடையில் கிடைக்கிற முடிச்சு வலை, 40 மில்லிமீட்டர் கண்ணி. இரண்டு கையால் பிடித்து அகலவாக்கில் விரித்தால் ஒவ்வொரு கண்ணும் அழகான சாய்சதுரமாகத் திறக்கும், இரண்டு விரலை ஒன்றாக உள்ளே விடலாம். இப்போது அதே துண்டை நீளவாக்கில் பிடித்து இழுங்கள். கண்கள் எல்லாம் ஒடுங்கிக் கோடாகும். விரல் நுழையாது. பென்சில் நுழைந்தால் பெரிது. கண்ணியின் அளவு மாறவில்லை, முடிச்சுக்கு முடிச்சு அதே 40. ஆனால் வழி அடைந்துவிட்டது. கடலுக்குள் மடி எந்நேரமும் இரண்டாவது நிலையில்தான் இருக்கும். முன்னால் படகு இழுக்கிறது, பின்னால் சேர்ந்த மீனின் எடை இழுக்கிறது, நடுவில் கண்ணிகள் நீண்டு மூடிக்கொள்கின்றன. மீன் குவியலுக்குச் சற்று முன்னால், மடி பந்துபோலப் புடைத்திருக்கும் இடத்தில் மட்டும் சில வரிசைக் கண்ணிகள் கொஞ்சம் திறந்திருக்கும். தப்பிப்பதெல்லாம் அந்த ஒரு வளையத்தின் வழியாகத்தான். மீன் சேரச் சேர அந்த வளையமும் முன்னால் நகரும், சருகும் பாசியும் நண்டுக்காலும் அடைத்துக்கொள்ளும்.

எஞ்சின் சக்தி கூடினால் இது இன்னும் மோசமாகும். நம் விதி 240 குதிரைத்திறனுக்கு மேல் கூடாது என்கிறது. அந்த வரம்பை மீறிய படகு நாலு நாட் வேகத்துக்கு மேல் இழுக்கும்போது வலையின் மீதுள்ள இழுவிசை பல மடங்கு ஏறும். வேகம் இரட்டித்தால் நீரின் தடை ஏறத்தாழ நான்கு மடங்கு. கண்ணிகள் கம்பிபோல விறைத்து மூடும். அடிமீன் மட்டுமில்லாமல் நடுநீரில் ஓடும் அயிலையும் வாளையும்கூட முந்திப்போக முடியாமல் உள்ளே விழும். இந்த எஞ்சின்கள் பெரும்பாலும் எப்போது மாற்றப்படுகின்றன? படகு கரையேறி நிற்கிற தடைக்காலத்தில். 61 நாள் கடலுக்கு ஓய்வு, 62-ஆம் நாள் முன்பைவிடப் பலமான எஞ்சின்.

## சதுரமாகத் திருப்பினால்

தீர்வு ரொம்ப எளிது என்பதுதான் இதில் மனதை வருத்துகிற விஷயம். அதே வலைத்துண்டை 45 பாகை திருப்பி, நூலின் போக்கிலேயே, முடிச்சு முடிச்சாக ஒரு கால் (இரண்டு முடிச்சுக்கு நடுவிலுள்ள நூல்) விட்டு ஒரு காலை வெட்டாமல், ஒரே திசைக் கால்களை மட்டும் தொடர்ந்து வெட்டி எடுத்தால் கண்ணிகள் சாய்சதுரமாக இல்லாமல் சதுரமாக நிற்கும். இரண்டு நூல் இழுப்பின் திசையில், இரண்டு நூல் குறுக்கே. இழுவிசை முழுவதையும் நீளவாக்கு நூல்கள் தாங்கிக்கொள்ளும், குறுக்கு நூல்களை யாரும் இழுப்பதில்லை. எவ்வளவு இழுத்தாலும் கண் திறந்தே இருக்கும். 40 மில்லிமீட்டர் கண்ணி என்றால் பக்கத்துக்கு 20 மில்லிமீட்டர் சதுரம், உள்சுற்று 80 மில்லிமீட்டர், அதில் நூலின் தடிமனைக் கழித்துக்கொள்ள வேண்டும். உடலின் சுற்றளவு அதற்குள் அடங்குகிற மீன் நுழைந்து போய்விடும். கொச்சியிலுள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் பல வருடமாக இந்தச் சதுரக்கண்ணி மடியைச் சொல்லிவருகிறது. குஜராத் சட்டத்திலேயே எழுதினார்கள். புதிய இயந்திரம் வேண்டாம், வெளிநாட்டுச் சாமான் வேண்டாம். ஒரு கத்தரி, வலைப்பின்னத் தெரிந்த ஒரு கை.

இதில் சொதப்பும் இடங்களையும் சொல்லியாக வேண்டும். சதுரமாக வெட்டிய வலையில் முடிச்சுகளுக்கு ஒரு பக்க இழுவைதான் வருவதால், தளர்ந்த முடிச்சு நழுவும். ஒரு கண் பெரிதாகி, பக்கத்துக் கண் சிறிதாகி, ஒரு மாதத்தில் மடி கோணலாகிவிடும். அதற்கு முடிச்சு நன்றாக இறுக்கப்பட்ட வலையோ முடிச்சில்லாத வலையோ வேண்டும். வெட்டும்போது சேதாரமாகும் துண்டுகளால் சாமான் கொஞ்சம் அதிகம் பிடிக்கும். ஓரங்களைத் தடித்த கயிற்றோடு சேர்த்துக் கட்டாவிட்டால் எடை முழுக்க ஓரத்து நூல்களில் விழுந்து கிழியும். கிழிந்ததை ஒட்டுப்போடுவதும் பழக்கமில்லாத கைக்குச் சிரமம். சாய்சதுர வலையை இருட்டில்கூடப் பின்னத் தெரிந்தவர், சதுர வலையில் முதல் சில முறை தடுமாறுவார். "போட்டுப் பார்த்தோம், ரெண்டு இழுப்பில் கிழிஞ்சுது" என்று சில துறைமுகங்களில் கேட்கிற புகாரில் பாதி, வலையின் குற்றம் இல்லை. தைத்த முறையின் குற்றம்.

மீதிப் பாதி நியாயமான புகார். ஒரே இழுப்பில் பல பத்து இனங்கள் வருகிற கடல் இது. காரல் உயரமும் தட்டையுமான உடம்பு, சின்னதாக இருந்தாலும் கண்ணில் மாட்டும். வாளை ரிப்பன்போல மெலிந்தது, விற்கிற அளவு மீனே நழுவிப்போகும். சிறு வகை இறால்களோ முழு வளர்ச்சி அடைந்த பிறகும் 40 சதுரத்தில் ஓடிவிடும். இறாலை நம்பியே கடலுக்குப் போகிற படகுக்கு இது வயிற்றில் அடிக்கிற விதி. ஒரே கண்ணி எல்லா மீனுக்கும் பொருந்தாது என்ற அவர்கள் வாதம் சரி. என் பதில் கண்ணியைச் சின்னதாக்குவது இல்லை. மடியின் மேல்முகத்தில் மட்டும் சதுரக்கண்ணிச் சன்னல் வைக்கலாம். இறால் அடியில் கிடக்கும், மீன்குஞ்சு மேல்நோக்கி நீந்தித் தப்பிக்கும். எந்த இனத்தை நம்பி எந்தப் பருவத்தில் போகிறார்கள் என்பதைப் பார்த்து, துறைமுகம் துறைமுகமாக வைக்க வேண்டிய ஏற்பாடு இது. ஒரே வரியில் மாநிலம் முழுக்கப் போடுகிற உத்தரவில் இதற்கு இடமில்லை.

தப்பிய மீனெல்லாம் பிழைக்கும் என்று சொல்லவும் மாட்டேன். செதில் உதிர்ந்து, களைத்துத் தப்பித்ததில் ஒரு பங்கு செத்துப்போகும். மத்தி போன்ற மென்மையான மீனுக்கு அந்தப் பங்கு அதிகம், முரட்டு மீனுக்குக் குறைவு. இழுப்பு நேரத்தைக் குறைத்தால் பிழைப்பது கூடும்.

## சங்காயம்

ராமேஸ்வரம் பக்கம் சங்காயம் என்பார்கள். மனிதர் வாங்காத பொடிமீனும், பெரிய மீனின் குஞ்சும், சின்ன நண்டும், கடல்தரைப் பூச்சியும் எல்லாம் கலந்த குவியல். கரையில் இறங்கும்போது ஐஸ்கூட அதற்குக் கிடைப்பதில்லை. காய வைத்தோ நேரடியாகவோ மீன்தூள் ஆலைக்குப் போய்க் கோழித்தீவனமாகவும் இறால் தீவனமாகவும் மாறும். ஒரு கைப்பிடி அள்ளி வெள்ளைத் தட்டில் பரப்பிப் பிரித்துப் பார்த்தால் விஷயம் தெரியும். விரல் நீளச் சங்கரா, கட்டைவிரல் அளவு கணவாய், ஊசிபோன்ற சீலாக் குஞ்சு. தரமில்லாத மீன் என்று ஒரு இனமே அதில் குறைவு. நேரம் தராமல் பிடிக்கப்பட்ட தரமான மீன்தான் நிறைய.

முன்பெல்லாம் இதைக் கடலிலேயே கொட்டிவிட்டு வருவார்கள். தீவன ஆலைகள் விலை கொடுக்க ஆரம்பித்ததும் கதை திரும்பியது. குஞ்சுக்கு ஒரு விலை வந்துவிட்டது. நல்ல மீன் குறைந்த நாளில் டீசல் காசை ஈடுகட்டுவது சங்காயம்தான். அதனால் மடிக்கண்ணியைச் சின்னதாக வைப்பது வெறும் பேராசை இல்லை, தோல்விக்கு எதிரான காப்பீடு. கண்ணியைப் பெரிதாக்கும் உரிமையாளர் முதல் மாதம் நிச்சயம் நஷ்டப்படுவார். அவர் தப்பவிட்ட குஞ்சு அடுத்த படகின் 20 மில்லிமீட்டர் மடியில் மறுநாள் விழும். லாபம் வர ஆறு மாதம், வருகிற லாபம் எல்லோருக்கும் பொது. தனியொரு படகு நல்லது செய்ய முடியாத தொழில் இது. ஆகவே 'மீனவர்களுக்கு விழிப்புணர்வு இல்லை' என்று கூட்டம் போட்டுப் பேசுகிறவர்களிடம் எனக்குக் கோபமே வருகிறது. கடலில் இருப்பவருக்கு இது நம்மைவிட நன்றாகத் தெரியும். அவரிடம் இல்லாதது, பக்கத்துப் படகும் கண்ணியை மாற்றும் என்ற உறுதி.

கேரளம் வேறு முனையிலிருந்து இதைப் பிடித்தது. மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் பரிந்துரைத்த 58 இனங்களுக்குப் பிடிக்கக்கூடிய குறைந்தபட்ச நீளத்தை அறிவித்தார்கள். மத்தி 10 சென்டிமீட்டர், அயிலை 14, அங்கே கிளிமீன் என்கிற நம் சங்கரா 12. அதற்குக் குறைந்தால் படகு பிடிபடும், அபராதம். துறைமுகத்தில் ஒரு அளவுகோல் போதும் என்பது இந்த முறையின் பலம். மத்தி, அயிலைக்கு வளைத்துப் பிடிக்கிற வலையில் இது நன்றாகவே வேலை செய்யும். வலையை இழுத்துச் சுருக்கும் முன் கூட்டத்தின் அளவைப் பார்த்து விட்டுவிடலாம், மீன் உயிரோடு இருக்கும். இழுவை மடியில் அந்த வசதி இல்லை. வின்ச் சுற்றி மடி மேலே வந்து முடிச்சை அவிழ்க்கும்போது அழுத்தத்திலேயே பெரும்பாலானவை செத்திருக்கும். கண்ணியை மாற்றாமல் நீளத்தை மட்டும் கரையில் அளந்தால், குஞ்சைக் கடலிலேயே கொட்டிவிட்டுக் கரைக்குச் சுத்தமாக வருவார்கள். அளவுகோலுக்கு வேலை இல்லை, மீனுக்கும் உயிர் இல்லை. நீளவிதி கண்ணிவிதியின் துணைக்கு நல்லது, தனியாக நின்றால் இழுவைப் படகுக்குப் போதாது. கேரளம் செய்ததில் நான் அதிகம் மதிப்பது, வலை தயாரிக்கும் கூடங்களையும் படகு கட்டும் தளங்களையும் சட்டத்துக்குள் கொண்டுவந்ததை.

நார்வே, ஐஸ்லாந்து போல இனத்துக்கு இத்தனை டன் என்று ஒதுக்கீடு வைக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். ஒரே இனக்கூட்டத்தைக் குறிவைத்துப் போகிற கடலில் அது ஓடும். இங்கே ஒரு இழுப்பில் சங்கரா ஒதுக்கீடு தீர்ந்து காரல் ஒதுக்கீடு மிச்சமிருந்தால் வலையிடம் என்ன சொல்வது?

## ஏமாற்று எங்கே நடக்கிறது

கண்ணிவிதி தோற்பதற்குக் காரணம் அதை மீறுவது சுலபம், கண்டுபிடிப்பது கடினம். வெளிமடி சட்டப்படி 40. உள்ளே ஒரு உறைபோலச் சின்னக்கண்ணி மடி. கரைக்கு வரும் முன் உள்மடியைக் கழற்றி ஐஸ் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டால் அதிகாரிக்குத் தெரிவது வெளிமடிதான். இன்னொன்று, தரையில் உராயாமல் இருக்க மடிக்கு வெளியே சுற்றும் தடித்த உறைவலை. அது உண்மையிலேயே தேவைதான், ஆனால் அதன் கண்ணியைச் சின்னதாக வைத்தால் உள்மடியின் வேலையையே செய்துவிடும். நூலைத் தடிமனாக்கினால் முடிச்சுக்கு முடிச்சு 40 இருந்தும் வழி சுருங்கும். மடியின் சுற்றளவில் கண்ணிகளைக் கூட்டிப் போட்டால், துணி அதிகம் வைத்துத் தைத்த பாவாடைபோல மடிப்பு விழுந்து கண்ணிகள் திறக்கவே திறக்காது. ஆகவே 'கண்ணி 40' என்ற ஒரே எண்ணில் எழுதிய விதி, அரைகுறை விதி. சதுரக்கண்ணி, நூலின் அதிகபட்சத் தடிமன், சுற்றளவில் அதிகபட்சக் கண்ணிகள், ஒரே அடுக்கு. நான்கையும் சேர்த்து எழுதினால்தான் அது வலையைக் கட்டுப்படுத்தும்.

அளப்பதிலும் முறை இருக்கிறது. பளபளவென்று காய்ந்த புது வலையில் ஒரு கண்ணை அளந்து திருப்திப்படக் கூடாது. ஆப்புபோலச் சரிவான தட்டை அளவுகோலை ஈரமான கண்ணிக்குள் இறக்கி, ஒரே அழுத்தத்தில் நிற்கும் இடத்தைப் படிக்க வேண்டும். மடியின் கடைசிப் பகுதியில், ஓரத்தையும் ஒட்டுப்போட்ட இடத்தையும் விட்டுவிட்டு, தொடர்ந்து இருபது கண்ணிகள். சராசரி எடுத்தால் வாதம் இல்லை.

நடுக்கடலில் போய்ச் சோதிக்கலாமே என்றால், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விசைப்படகுகள், 1,076 கிலோமீட்டர் கரை. ரோந்துப் படகு தூரத்தில் தெரிந்ததுமே உள்மடி கடலுக்குள் போய்விடும். கரைக்கு ஐந்து கடல் மைலுக்குள் விசைப்படகு கூடாது என்ற விதியே தினமும் மீறப்பட்டு நாட்டுப்படகுக்காரர் வலை அறுபடுகிறது. அதையே தடுக்க முடியாத இடத்தில், நீருக்குள் கிடக்கும் கண்ணியைத் தடுப்பது எப்படி?

இதற்குப் பதில் நம் கரையிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். பாக் நீரிணையில் விசைப்படகு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகு நான்கு நாள் என்ற ஏற்பாடு, கைகலப்பும் பேச்சுவார்த்தையுமாக இரு தரப்பும் உட்கார்ந்து உண்டாக்கியது. குறைகள் இருக்கலாம், ஆனால் எந்த நாள் யாருடையது என்பது அங்கே ஒவ்வொரு குழந்தைக்கும் தெரியும். சோழமண்டலக் கரையில் ஊர்ப் பஞ்சாயத்துகள், கெடுதல் என்று தோன்றிய வலைகளை ஊர்க்கட்டுப்பாடாகவே தடுத்து, மீறியவருக்கு அபராதம் போட்டு வந்திருக்கின்றன. ஊர் தடுத்த வலையை ஒளித்துவைப்பது சுலபமில்லை, ஏனென்றால் அதைச் சுமந்து வண்டியில் ஏற்றுகிறவர் பக்கத்து வீட்டுக்காரர். இரண்டு படகு சேர்ந்து ஒரே வலையை இழுக்கும் இரட்டைமடிக்கும், மீன்கூட்டத்தை வளைத்து அடியைச் சுருக்கும் சுருக்குமடிக்கும் 2000-இல் அரசு தடை போட்டது. சுருக்குமடி விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய், 2023 ஜனவரியில் 12 கடல் மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும், காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை என்று இடைக்கால அனுமதி கிடைத்தது. அந்தச் சண்டையில் ஊர்கள் இரண்டாகப் பிரிந்ததையும் பார்த்தோம். எந்த விதியானாலும் துறைமுகத்துக்குள் ஒப்புதல் இல்லாவிட்டால் நீதிமன்றத்துக்கும் கடலுக்கும் நடுவில் அலைந்துகொண்டேதான் இருக்கும்.

இழுவையையே விட்டு ஆழ்கடலுக்குப் போகச் சொல்லும் திட்டமும் வந்தது. 2017-இல் பாக் நீரிணைப் படகுகளுக்குச் சூரைமீன் பிடிக்கும் ஆயிரங்கால் தூண்டில் (நீண்ட கயிற்றில் பல கொக்கிகள்), செவுள்வலைப் (மீனின் செவுள் மாட்டும் வலை) படகு, ஒன்று 80 லட்சம் ரூபாய், அதில் 70 சதவீதம் மானியம், இலக்கு 2,000 படகு. இலக்கின் பக்கத்தில்கூடப் போகவில்லை. காலையில் போய் மறுநாள் திரும்புகிற பாக் நீரிணைத் தொழிலாளிக்கு, வாரக்கணக்கில் கடலில் கிடந்து சூரையைக் குளிர்பதனம் செய்து கொண்டுவருவது வேறொரு தொழில். படகு கொடுத்தார்கள், அந்தத் தொழிலைக் கொடுக்கவில்லை. 80 லட்சம் செலவாகிற மாற்றத்தைப் பற்றி இத்தனை பேசிய நாம், கத்தரியால் செய்கிற மாற்றத்தைப் பற்றி ஏன் பேசவில்லை என்பது எனக்கு ஆறாத கேள்வி.

தடைக்காலத்தில் துறைமுகங்களின் வலைக்கொட்டகைகளைப் பார்த்திருப்பீர்கள். படகு கரையேறிக் கிடக்கும், பெயிண்ட் அடிப்பார்கள். நிழலில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து வலை முடைந்துகொண்டிருப்பார்கள். வருடத்துக்கு ஒருமுறை மடி மாறுவது அங்கேதான். மீன்வளத் துறை அதிகாரிகளும் அதே நாள்களில் ஆய்வுக்கு வருகிறார்கள். படகின் நீளத்தை அளப்பார்கள், எஞ்சின் எண்ணைச் சரிபார்ப்பார்கள், பதிவு, பச்சை வண்ணம், உயிர்காப்பு மிதவை எல்லாம் பார்ப்பார்கள். வலை மூலையில் சுருண்டு கிடக்கும். குடும்பத்துக்கு 8,000 ரூபாய் நிவாரணம் கொடுக்கிற அந்த இரண்டு மாதத்தில், படகுக்கு ஒரு சதுரக்கண்ணி மடியையும் அரசு தன் செலவில் கொடுக்கலாம். மடிக்கு மட்டும் தேவைப்படுவது சில கிலோ வலைதான். தைக்கத் தெரிந்த இருவரை ஒவ்வொரு கொட்டகைக்கும் ஒரு வாரம் அனுப்பலாம். ஒரு துறைமுகத்தின் எல்லாப் படகும் ஒரே நாளில் மாற வேண்டும், முதல் மூன்று மாத நஷ்டத்துக்கு டீசல் மானியத்தில் ஈடு வேண்டும், சின்னக்கண்ணி வலையை மடியளவில் விற்கும் கடைக்கும் தயாரிக்கும் கூடத்துக்கும் கணக்குக் கேட்க வேண்டும். பழைய மடியை வாங்கிக்கொண்டு எடைக்குக் காசு கொடுத்துவிட்டால் உள்மடியாகத் திரும்பி வராது. ஜூன் 14 மாலை, ஐஸ் ஏற்றும் முன்பு, ஒவ்வொரு படகின் மடியையும் தளத்தில் விரித்துப்போட்டு, துறை அதிகாரியும் சங்கத் தலைவரும் சேர்ந்து இருபது கண்ணி அளந்துவிட்டு ஈயமுத்திரை குத்தட்டும்.